இசைத்தட்டு யாருக்குச் சொந்தம்? ஒரு ஜாஸ் அலமாரியிலிருந்து சில வழக்குகள்

நீதிமன்றப் பணி முடிந்து அறைக்குத் திரும்பும் மாலைகளில் இசைத்தட்டின் ஒரு பக்கத்தைக் கேட்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். ஒரு பக்கம் என்றால் ஏறத்தாழ இருபது நிமிடங்கள். ஊசியை வைப்பதற்கு முன் தட்டின் நடுவிலுள்ள லேபிளையும் உறையின் பின்பக்கத்தையும் படித்துவிடுவேன். வாசித்தவர்கள் யார், எந்த ஊரில், எந்த நாளில், இசையமைத்தவர் என்று யாருடைய பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது, வெளியிட்ட நிறுவனம் எது என்று பார்ப்பேன். நான்கெல்லையும் முன்பத்திர எண்ணும் பார்க்காமல் எந்த நிலப் பத்திரத்தையும் நம்பாதே என்று என் சீனியர் கற்றுத்தந்த பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொண்டது.

தோழர் ஒருவர் இதைக் கேலி செய்வதுண்டு. நட்சத்திர விடுதிகளில் உணவு மேசைக்குப் பின்னணியாக ஒலிக்கும் இசையில் உனக்கு என்ன வேலை என்பார். இன்று அந்த இசை ஒலிக்கும் இடத்தைப் பற்றி அவர் சொல்வது சரிதான். ஆனால் சலவைத் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களும் ரயில் பணியாளர்களும் கேட்டு வளர்த்த ஓர் இசை, எவ்வழியாகப் பிறருடைய சொத்தாக மாறியது என்பதை ஓர் இசைத்தட்டைப் போலத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

ஜாஸ் என்ற பெயருடன் சந்தைக்கு வந்த முதல் தட்டு 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவு செய்யப்பட்டது. வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஐந்து வெள்ளையர்கள். குழுவின் பெயர் 'ஒரிஜினல் டிக்ஸிலாண்ட் ஜாஸ் பேண்ட்'. இதில் 'ஒரிஜினல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்நகரின் கறுப்பினக் கலைஞர்களும் கிரியோல் கலைஞர்களும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தெருக்களிலும் நடன அரங்குகளிலும் சவ ஊர்வலங்களிலும் வாசித்து உருவாக்கியிருந்த இசை அது.

அதே ஆண்டு அக்டோபரில், அத்தட்டின் ஒரு பக்கமான 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்' யாருடைய ஆக்கம் என்று சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வழக்காடிய இரு தரப்பினரும் வெள்ளையர்கள். ஒரு குழுவில் முன்பு ஒன்றாக வாசித்துப் பிரிந்தவர்கள் அவர்கள். இரு தரப்புக்குமே பதிப்புரிமை இல்லை என்று நீதிபதி கார்ப்பென்டர் தள்ளுபடி செய்தார். தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மெட்டு எந்த மக்களின் புழக்கத்திலிருந்து வந்ததோ, அவர்களில் ஒருவர்கூட அவ்வழக்கில் தரப்பினராக இல்லை. அன்றைய 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, இசைக்குப் பதிப்புரிமை பெற அது தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒலிப்பதிவு அதற்குப் போதாது. காதால் கற்று, கூட்டாக வளர்த்து, வாசிக்கும் கணத்திலேயே புதிதாகப் புனையும் இசைக்கு அச்சட்டத்தில் பெயரில்லை. பிற்பாடு வந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1920 ஆகஸ்ட் 10 அன்று மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓகே நிறுவனத்துக்காக 'கிரேஸி ப்ளூஸ்' பாடினார். அதை இயற்றிய பெர்ரி பிராட்ஃபோர்டும் கறுப்பினத்தவர். ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலைப் பதிவு செய்யுமாறு நிறுவனங்களின் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தவர் அவர்தான். தட்டு பெருமளவில் விற்றது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று நிறுவனங்களுக்கு அப்போதுதான் 'தெரியவந்தது'. உடனே தனிப் பட்டியல், தனி எண் வரிசை, தனி விளம்பரம். இத்தட்டுகளுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர். 'ரேஸ்' என்ற சொல்லை அக்காலக் கறுப்பின இதழ்கள் பெருமிதத்தோடும் பயன்படுத்தின என்பது உண்மை. எனினும் கடையில் அது ஒதுக்கப்பட்ட அலமாரியின் பெயராகவே இருந்தது. பில்போர்டு இதழ் தன் தரவரிசைக்கு அப்பெயரை நீக்கி 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது 1949இல்.

இத்தட்டுகளை முதலில் வாங்கிச் சேர்த்தவர்கள் யார்? ஜாஸ் சேகரிப்பாளர் என்றவுடன் சுவர் முழுக்க அலமாரி வைத்திருக்கும் வசதியான வெள்ளை ஆண் ஒருவரே நம் மனக்கண்ணில் தோன்றுகிறார். ஆனால் முதல் சேகரிப்பாளர்கள் கறுப்பின உழைக்கும் மக்கள். தட்டின் விலை பொதுவாக 75 சென்ட். அவர்களின் கூலியில் அது சிறு தொகையன்று. புல்மன் ரயில் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினத் தொழிலாளர்கள் வடக்கு நகரங்களில் தட்டுகளை வாங்கித் தெற்கே கொண்டுசென்று விற்றார்கள். அத்தட்டுகளில் பல தேய்ந்திருக்கின்றன. தேய்ந்த தட்டைச் சந்தை மலிவாக மதிப்பிடுகிறது. எனக்கு அந்தத் தேய்மானம், ஒரு வீட்டில் எத்தனை இரவுகள் அது சுழன்றிருக்கிறது என்பதற்கான சாட்சியம்.

என்னிடம் மறுபதிப்பாக உள்ளவற்றுள் நான் அதிகம் கேட்பது, கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923 ஏப்ரலில் இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஜென்னட் நிறுவனத்துக்காக வாசித்த பதிவுகள். அப்போது மைக்ரோஃபோன் பயன்பாட்டுக்கு வரவில்லை. பெரிய தகரப் புனல் ஒன்றின் முன் எல்லோரும் நின்று வாசிக்க, அந்த அதிர்வே மெழுகில் கோடாகப் பதியும். கூடத்தை ஒட்டி ரயில் பாதை. ரயில் போகும்போது பதிவை நிறுத்திவிடுவார்கள். பேபி டாட்ஸின் முரசுகளைப் புனல் தாங்காது என்பதால் அவர் மரக்கட்டைகளைத் தட்டினார். ஆகவே இப்பதிவுகளில் நாம் கேட்பது அக்குழு சிகாகோ நடன அரங்கில் எழுப்பிய ஒலியின் ஒரு பகுதியையே. அதற்குள்ளும் 'சைம்ஸ் ப்ளூஸ்' தட்டில் 21 வயது லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவில் முதன்முதலாகத் தனியே வாசிப்பது கேட்கும். கரகரப்பின் ஊடே அந்தக் கார்னெட் மட்டும் துலக்கமாக முன்னே வரும்.

இதே ரிச்மண்ட் அன்று கூ கிளக்ஸ் கிளானின் வலுவான தளங்களுள் ஒன்று. ஜென்னட் நிறுவனம் பணம் பெற்றுக்கொண்டு கிளானின் பிரச்சாரப் பாடல்களையும் தட்டுகளாக அச்சிட்டுக் கொடுத்தது. ஆலிவரின் இசையும் கிளானின் வெறுப்பும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. மூலதனத்துக்கு இதில் முரண்பாடு ஏதும் தோன்றவில்லை.

அப்படியானால் நிறுவனத்தையே நாம் நடத்துவோம் என்று எண்ணியவர் ஹாரி பேஸ். 1921இல் ஹார்லெமில் அவர் தொடங்கிய 'பிளாக் ஸ்வான்' நிறுவனம் எதெல் வாட்டர்ஸின் ப்ளூஸ் தட்டுகளால் பெயர் பெற்றது. பேஸின் ஆசிரியராயிருந்த டபிள்யூ. இ. பி. டூபோய்ஸ் அதன் இயக்குநர் குழுவில் இருந்தார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டாரே, அதே டூபோய்ஸ். உரிமைப் போராட்டத்தில் இசைத்தட்டுத் தொழிற்சாலைக்கும் ஓரிடம் உண்டு என்று அவர் கருதியதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். பிளாக் ஸ்வான் நெடுநாள் நிலைக்கவில்லை. பெரிய நிறுவனங்களும் அதே பாடகிகளைத் தேடத் தொடங்கின. 1924இல் அதன் பதிவுகள் பாரமவுண்ட் என்ற வெள்ளையர் நிறுவனத்தின் கைக்குப் போயின. ஒரு குறையும் உண்டு: பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் 'நாகரிகமாக' இல்லை என்று அந்நிறுவனம் அவரைத் திருப்பி அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது. படித்த மேல்தட்டுக்குத் தன் மக்களின் குரல் கூச்சம் தந்த கதை அது. நமக்குப் புதிதல்ல.

லேபிளைச் சுற்றியிருக்கும் கறுப்பு வட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வினைல் வருவதற்கு முந்தைய 78 சுழற்சித் தட்டுகளில் கல்பொடியையும் கரியையும் இறுகப் பிடித்திருப்பது அரக்கு. உலகச் சந்தைக்கு அரக்கை அனுப்பியதில் முதன்மையான நாடு இந்தியா. சோட்டா நாக்பூர் காடுகளில் புரசு, இலந்தை, கூசும் மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி உருவாக்கும் பிசினைச் சுரண்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசி மக்கள். அது பட்டறைகளில் உருக்கித் தகடாக்கப்பட்டு, கல்கத்தா துறைமுகம் வழியே கப்பலேறியது. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு கறுப்பினப் பணிப்பெண் கிராமஃபோனில் வைத்த தட்டில் அந்த உழைப்பு கலந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டை 70 விழுக்காடு குறைத்தது. பழைய தட்டுகளை நொறுக்கி உருக்குவதற்காகச் சேகரிப்பு இயக்கங்கள் நடந்தன. எத்தனை அரிய பதிவுகள் அதில் பொடியாயின என்பதற்குக் கணக்கில்லை.

இனி பெயர்களுக்கு வருகிறேன். 1920களின் லேபிள்களில் பொதுவாகக் குழுவின் பெயர் மட்டும் இருக்கும். அதில் வாசித்த ஏழெட்டுப் பேரின் பெயர்கள் இரா. இக்குறையை நிரப்பியது இசை ஆர்வலர்களின் உழைப்பு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாரிஸைச் சேர்ந்த சார்ல் தெலோனே 1936இல் வெளியிட்ட 'ஹாட் டிஸ்கோகிராஃபி' என்ற நூல், தட்டுதோறும் வாசித்தவர் பெயரையும் நாளையும் தேடிப் பட்டியலிட்டது. நியூயார்க்கில் கமோடோர் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்திய மில்ட் கேப்ளர், தான் மறுபதிப்பு செய்த தட்டுகளின் லேபிளிலேயே கலைஞர்கள் அனைவரின் பெயரையும் அச்சிட்டார். 1939இல், வெள்ளைக் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தூக்கிலிட்ட கொடுமையைப் பாடும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலைப் பதிவு செய்யக் கொலம்பியா நிறுவனம் மறுத்தபோது, பில்லி ஹாலிடே அதைப் பாடியது இந்தக் கடைக்காரரின் சிறு நிறுவனத்துக்காகத்தான்.

விடுபட்ட பெயர்களைப் போலவே, இருக்கக்கூடாத பெயர்களையும் தேட வேண்டும். டியூக் எலிங்டனின் 1930ஆம் ஆண்டு 'மூட் இண்டிகோ'வின் ஆக்குநர் பட்டியலில் அவருடைய மேலாளரும் பதிப்பாளருமான இர்விங் மில்ஸ் என்ற வெள்ளையரின் பெயர் இருக்கும். மெட்டுக்குப் பங்களித்த கிளாரினெட் கலைஞர் பார்னி பிகார்டோ தன் பெயரும் பங்கும் பெறப் பல்லாண்டு காத்திருந்தார். ஆலிவரின் குழுவிலும் பின்னர் ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' குழுவிலும் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின். ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியாக இருந்தவர். ஆலிவரின் குழுவை விட்டு விலகுமாறு அவரைத் தூண்டியவரும் அவரே. 'ஸ்ட்ரட்டிங் வித் சம் பார்பிக்யூ' என்ற புகழ்பெற்ற இசையின் உரிமைக்காக லில் பிற்பாடு வழக்காடி வென்றார். அநீதி வெள்ளையரிடமிருந்து மட்டுமே வந்ததென்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இதைப் படித்தது எனக்குப் பாடமாயிற்று.

சட்டம் பயிலும் மாணவர்கள் அவசியம் கேட்க வேண்டிய தட்டு ஒன்று உண்டு. 1945 நவம்பர் 26 அன்று சவாய் நிறுவனத்துக்காகச் சார்லி பார்க்கர் பதிவு செய்த 'கோ-கோ'. இது ரே நோபிள் என்ற ஆங்கிலேயர் இயற்றிய 'செரோக்கி' பாடலின் சுரக்கட்டு வரிசையின் மீது, கார்டு வரிசை என்பார்களே அதன் மீது, அமைந்த புது ஆக்கம். பதிப்புரிமை மெட்டுக்கு உண்டு. அடியிலுள்ள கார்டு வரிசைக்கு வழக்கமாக இல்லை. ஆகவே பழைய வரிசையின் மேல் புது மெட்டைப் புனைந்தால் மூல ஆசிரியருக்கு உரிமைத்தொகை தர வேண்டியதில்லை. பிற்பாடு வெளியான முதல் முயற்சியில், குழுவினர் பழக்கத்தால் 'செரோக்கி'யின் மெட்டுக்குள் நுழைந்துவிடுவதையும், கைதட்டலும் சீழ்க்கையும் அதைச் சட்டென நிறுத்துவதையும் கேட்கலாம். சட்டம் இசையின் வடிவத்தை மாற்றும் கணம் ஒலியாகவே பதிவாகியிருக்கிறது. இன்னொரு புறத்தையும் பாருங்கள். சாக்ஸஃபோனில் பார்க்கர் நொடிக்கு நொடி புனைந்த தனி வாசிப்புதான் இத்தட்டின் உயிர். அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமையே 1972 பிப்ரவரி 15 முதல்தான் வந்தது. சாதாரண வானொலியில் தட்டு ஒலிபரப்பாகும்போது பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் தொகை போகும். வாசித்தவருக்கு இன்றும் சட்டப்படி எதுவும் இல்லை.

சில தட்டுகளின் நாள், இசையைக் காட்டிலும் அதிகம் பேசும். தெலோனியஸ் மங்கின் 'பிரில்லியண்ட் கார்னர்ஸ்' 1956இல் பதிவானது. அப்போது நியூயார்க் நகரின் மதுக்கூடங்களில் வாசிக்க அவருக்கு அனுமதி இல்லை. மது விற்கும் இடங்களில் வாசிக்கக் காவல்துறை தரும் 'கேபரே கார்டு' வேண்டும். 1951இல் போதைப்பொருள் வழக்கொன்றில் அவருடைய கார்டு பறிக்கப்பட்டது. 1957இல்தான் திரும்பக் கிடைத்தது. பில்லி ஹாலிடேவும் 1947இல் சிறை சென்ற பின் அதை இழந்தார். ஒரு கலைஞர் தன் ஊரில் தன் தொழிலைச் செய்யலாமா என்பதை விரல்ரேகை பதிந்த ஓர் அட்டை தீர்மானித்தது. 1967 வரை இம்முறை நீடித்தது. நகரம் கேட்க முடியாமற்போன ஆண்டுகளில் மங்கை நாம் கேட்க முடிவது தட்டுகளால்தான். கார்டு திரும்பக் கிடைத்த அதே ஆண்டு நவம்பர் 29 அன்று ஜான் கோல்ட்ரேனுடன் அவர் கார்னகி அரங்கில் வாசித்த நாடா, 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு வெளியானது. அதை ஒரு முறையாவது கேளுங்கள். எந்தத் தடையும் இன்றி ஒரு மனிதர் தன் வேலையைச் செய்யும் மகிழ்ச்சி அதில் இருக்கிறது.

தாங்களே வெளியிடும் முயற்சிகளும் தொடர்ந்தன. சார்லஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் 1952இல் 'டெப்யூ' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1953 மே 15 அன்று டொரண்டோவில் நடந்த நிகழ்ச்சியை அவர்கள் தட்டாக வெளியிட்டபோது, சார்லி பார்க்கரின் பெயரை அச்சிட முடியவில்லை. அவர் வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார். உறையில் 'சார்லி சான்' என்று போட்டார்கள். இதே மிங்கஸ், பள்ளியில் கறுப்பின மாணவர் நுழைவதைத் தடுக்கப் படையை அனுப்பிய அர்க்கன்ஸாஸ் ஆளுநர் ஃபாபஸைக் கேலி செய்யும் இசையை 1959இல் கொலம்பியாவுக்குப் பதிவு செய்தார். அதில் சொற்கள் இல்லை. மறு ஆண்டு கேண்டிட் என்ற சிறு நிறுவனத்தில் அதே இசை சொற்களோடு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பெருநிறுவனம் எதை உள்ளே விட்டது, எதை வெளியே நிறுத்தியது என்பது புலப்படும்.

இன்று சேகரிப்பு ஒரு சந்தை. புளூ நோட் நிறுவனத்தின் முதல் அச்சா என்றறிய, லேபிளில் உள்ள முகவரியையும், பள்ளங்கள் முடியுமிடத்தில் பொறித்துள்ள ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். சாக்ஸஃபோன் கலைஞர் ஹேங்க் மோப்ளி 1957இல் பதிவு செய்த, 1568 என்ற எண் கொண்ட தட்டின் முதல் அச்சு ஆயிரக்கணக்கான டாலருக்கு விலை போகிறது. மோப்ளி தன் இறுதி ஆண்டுகளை நோயிலும் வறுமையிலும் கழித்து 1986இல் இறந்தார். ஒரு பொருள் முதல் முறை விற்கப்பட்டதும் அதன் மறுவிற்பனையில் ஆக்குநருக்கு உரிமை இல்லை என்பது அமெரிக்கச் சட்டத்தின் நெடுநாள் கோட்பாடு. நூலகமும் பழைய புத்தகக் கடையும் இயங்குவதற்கு அக்கோட்பாடு தேவை; அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஏலத்தில் விலை ஏறும்போது மோப்ளிக்குப் போய்ச்சேர்ந்தது எவ்வளவு என்ற கேள்வியைச் சேகரிப்பாளர்களின் பேச்சில் நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

1940களிலும் 50களிலும் வெள்ளை இளைஞர்கள் பலர் தென் மாநிலங்களின் கறுப்பினக் குடியிருப்புகளில் வீடுவீடாகச் சென்று, பழைய தட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டுச் சில்லறை விலைக்கு வாங்கினார்கள். பாரமவுண்ட் நிறுவனம் தன் உலோக மூல அச்சுகளைப் பழைய இரும்புபோல விற்றுவிட்டது. ஆகவே அதன் பதிவுகள் பலவற்றை நாம் கேட்க முடிவது, அந்த வீடுகளில் யாரோ ஒரு பெண் கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்திருந்ததால். வாங்கிச் சென்றவரின் பெயர் மறுபதிப்பின் உறையில் நன்றியோடு குறிக்கப்படும். வைத்திருந்தவரின் பெயர் எங்கும் இல்லை.

இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்த சேகரிப்பாளர் ஆம்ஸ்ட்ராங்தான். நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற உழைக்கும் மக்கள் குடியிருப்பில் 1943 முதல் இறக்கும்வரை வாழ்ந்த எளிய வீட்டில் அவருக்கென ஓர் அறை இருந்தது. சுவரில் பதித்த நாடாப் பதிவுக் கருவிகள். தன் பழைய தட்டுகளையும் பிறர் தட்டுகளையும், நண்பர்களோடு பேசிய பேச்சையும் நூற்றுக்கணக்கான நாடாக்களில் அவர் பதிந்துவைத்தார். ஊர் ஊராக அலைந்த நாட்களிலும் கருவி கூடவே போயிற்று. எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்று தாமே பட்டியல் எழுதினார். நாடாப் பெட்டிகளின் மேல் செய்தித்தாள் படங்களையும் தன் ஒளிப்படங்களையும் வெட்டி ஒட்டினார். அவ்வீடு 2003 முதல் அருங்காட்சியகம். ஆலிவரோடு அவர் வாசித்த 1923ஆம் ஆண்டுப் பதிவுகள், 2018இல் நிறைவேறிய சட்டத்தின்படி 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. இணையத்தில் தேடி 'சைம்ஸ் ப்ளூஸ்' கேட்கலாம். அதில் பியானோ வாசிப்பவர் லில் ஹார்டின்.